கணினிக்குத் தெரியாத முதலெழுத்து

 தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் வழக்கமாக இலக்கியமும் இலக்கணமும் இடம்பெறும். கணினித்துறை மாணவனான நான் எழுத வந்திருப்பதும் ஒரு வகையில் எழுத்திலக்கணமே. ஒரு சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதைக் கணினி எவ்வாறு கண்டுபிடிக்கிறது? இதுதான் இக்கட்டுரையின் பொருள். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இதற்கு உடனே விடை சொல்லிவிடும். கணினிக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியுள்ளது.

இதை நான் பாடநூலில் கற்கவில்லை. போர்ட்டிக்சனை அடுத்த சி ரூசா வட்டாரத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன், தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்களுக்கு அரிசி, எண்ணெய், பலகாரம் அடங்கிய அன்பளிப்புப் பொட்டலம் கொடுக்க எங்கள் வட்டாரத்துக்காரர்கள் சிலர் ஏற்பாடு செய்தனர். பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கே பொட்டலம் என்பது விதி. விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த என்னிடம் பெயர்ப்பட்டியலைக் கணினியில் தேடும் பொறுப்பு வந்து சேர்ந்தது. பெயரின் முதல் ஓரிரண்டு எழுத்துகளைத் தட்டினால் அப்படித் தொடங்கும் பெயர்கள் எல்லாம் திரையில் வரும்படி ஒரு சிறு நிரல் எழுதிவைத்தேன்.

வரிசையில் ஒரு பாட்டி வந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. 'கௌ' என்று தொடங்கும் என்பது போதும். 'கௌ' என்று தட்டினேன். திரை வெறுமையாக இருந்தது. மீண்டும் தட்டினேன். அதே வெறுமை. "பேரு இல்ல பாட்டி" என்றேன். "பரவால்ல தம்பி. தோட்டத்துலயும் நம்ம பேர எப்படியெப்படியோதான் எழுதுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாலையில், சுவரில் ஒட்டியிருந்த அச்சுப் படியைக் கழற்றியபோது அவர் பெயர் பளிச்சென்று கண்ணில் பட்டது. என் கணினியிலிருந்து அச்சான அதே பட்டியல்! என் கண்ணுக்குத் தெரிந்த 'கௌ' என் நிரலுக்குத் தெரியவில்லை. மறுநாள் பொட்டலத்தை அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் தெரியவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் நாள்கள் பிடித்தன.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

முதலில் ரோமன் எழுத்திலிருந்து தொடங்குவோம். மலாய், ஆங்கிலம் எதுவானாலும் அங்கே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு உண்டு. நம் அடையாள அட்டையில் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். தேடுபவரோ சிறிய எழுத்தில் தட்டுவார். நடுவில் வரும் 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கத்தையும் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். மனிதனுக்கு இவை எல்லாம் ஒன்றுதான். கணினிக்கு அப்படியில்லை. அது எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. பெரிய 'ஏ' 65. சிறிய 'ஏ' 97. இரண்டுக்கும் இடையே 32 வேறுபாடு. எழுத்துகளின் தொடரைக் கணினித்துறையில் 'சரம்' என்கிறோம். ஒரு சரம் இன்னொரு சரத்தில் தொடங்குகிறதா என்று கேட்டால், கணினி எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும். முதல் எண்ணிலேயே 65-உம் 97-உம் மோதினால் 'இல்லை' என்று கைவிரித்துவிடும்.

இதற்கான மருந்து எளிது. இரண்டு சரங்களையும் சிறிய எழுத்தாக்கிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். மூன்றெழுத்தைத் தேட ஒரு நீண்ட வரி முழுவதையும் மாற்றுவது வீண்வேலை என்பார்கள். சில நூறு பெயர்கள் உள்ள பட்டியலில் அது ஒரு பொருட்டே அன்று.

உண்மையான சிக்கல் மொழி மாறும்போது வருகிறது. துருக்கி மொழியில் 'ஐ' என்னும் எழுத்து புள்ளி உள்ளது, புள்ளி இல்லாதது என்று இரண்டு வகைப்படும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பெரிய வடிவமும் சிறிய வடிவமும் உண்டு. ஆங்கிலத்தில் புள்ளியில்லாப் பெரிய 'ஐ'யைச் சிறிதாக்கினால் புள்ளியுள்ள 'ஐ' வரும். துருக்கி அமைப்பிலுள்ள கணினியில் புள்ளியில்லாத 'ஐ' வரும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணி எழுதிய நிரல் அங்கே தவறிவிடும். ஜெர்மன் மொழியில் இரட்டை 'எஸ்' ஒலிக்கு ஒரு தனி எழுத்து இருக்கிறது. அதைப் பெரிதாக்கினால் வழக்கமாக இரண்டு 'எஸ்' ஆகிவிடும். ஓரெழுத்து ஈரெழுத்தானால் 'முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டி ஒப்பிடு' என்னும் கணக்கு என்னாவது? இதனால்தான் யூனிகோடு அமைப்பு, எந்த எழுத்தை எந்த எழுத்தோடு ஒன்றாகக் கருதலாம் என்று தனி அட்டவணை ஒன்றைத் தருகிறது. பைத்தான் மொழியில் 2012-இல் வந்த 3.3 பதிப்பு முதல் 'கேஸ்ஃபோல்ட்' என்னும் பெயரில் இந்த வசதி உண்டு.

தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. எனவே நமக்கு இந்தத் தலைவலி கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு வேடிக்கை மட்டும் உண்டு. தமிழை ரோமன் எழுத்தில் தட்டும்போது சிறிய 'எல்' லகரம், பெரிய 'எல்' ளகரம் என்பது முரசு அஞ்சல் பயன்படுத்துவோர் அறிந்த முறை. தமிழ்ப்பெயர்களை இப்படி ரோமனில் எழுதிச் சேமித்துவிட்டு, தேடும்போது பெரிய சிறிய வேறுபாட்டை நீக்கினால் 'பள்ளி' 'பல்லி' ஆகிவிடும்! ஆங்கிலத்துக்கு மருந்தானது இங்கே நோயாகிறது.

எழுத்து எது, குறி எது?

இனித் தமிழுக்கு வருவோம். நம் எழுத்துகள் 247 என்று பள்ளியில் படித்தோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. யூனிகோட்டில் 247 எண்கள் இல்லை. உயிர்கள், அகரம் ஏறிய மெய்கள், கால் கொம்பு சுழி போன்ற துணைக்குறிகள், புள்ளி என்று துண்டுகளாக எண் கொடுத்திருக்கிறார்கள். இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சில் வகுக்கப்பட்ட 1988-ஆம் ஆண்டின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றி, 1991-இல் யூனிகோட்டின் முதற்பதிப்பில் தமிழ் இவ்வாறு இடம்பெற்றது.

'குமார்' என்பதை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. கணினி எண்ணினால் ஆறு: க 2965, உகரக்குறி 3009, ம 2990, கால் 3006, ர 2992, புள்ளி 3021. இப்போது 'குமார்' என்பது 'க' என்று தொடங்குகிறதா என்று கேளுங்கள். முதல் எண் 2965 ஒத்துப்போவதால் 'ஆம்' என்று சொல்லும். 'கை', 'கோ', 'க்' எல்லாமே அதற்குக் 'க'வில்தான் தொடங்கும். 'கண்ணன்' என்னும் பெயர் 'கண' என்று தொடங்குகிறதா? அதற்கும் 'ஆம்' என்றே சொல்லும். முதலாம் ஆண்டுப் பிள்ளை சிரிக்கும்.

ஆழமான முரண் ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. தொல்காப்பியத்தின்படி மெய்யின் இயல்பே புள்ளி பெற்று நிற்பதுதான். அதன்மீது உயிர் ஏறினால் உயிர்மெய். அதாவது 'க்' அடிப்படை. 'க' அதனுடன் அகரம் சேர்ந்து பிறந்தது. யூனிகோட்டில் 'க' அடிப்படை. 'க்' அதன்மீது புள்ளி வைத்துப் பிறந்தது. தாயும் பிள்ளையும் இடம் மாறிவிட்டனர். திரையில் படிப்பவருக்கு இதனால் நட்டமில்லை. தொடக்கத்தைச் சோதிக்கும் நிரலுக்குத்தான் இந்த இடமாற்றம் காலை வாருகிறது.

இதற்கு ஒரு தடுப்பு உண்டு. தேடும் சரம் ஒத்துப்போன பிறகு, பெயரில் அடுத்து நிற்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். அது 3006 முதல் 3021 வரையிலான துணைக்குறியாகவோ 3031-ஆகவோ இருந்தால், ஓர் எழுத்தை நடுவில் வெட்டியிருக்கிறோம் என்று பொருள். அப்போது 'இல்லை' என்றே சொல்ல வேண்டும். 'கண'வுக்குப் பின் புள்ளி நிற்பதால் 'கண்ணன்' விலகிவிடும், 'கணபதி' நிற்கும்.

ஒரே தோற்றம், வேறு எண்கள்

ஆனால் பாட்டியின் பெயர் காணாமற்போனது இதனாலன்று. அதற்குக் காரணம், ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துக்கு ஒப்பானது. அங்கே தோற்றம் இரண்டு, எழுத்து ஒன்று. இங்கே தோற்றம் ஒன்று, எண்கள் இரண்டு. கண்ணால் பிடிக்கவே முடியாது என்பதால் இது இன்னும் கொடியது. மூன்று வகைகளைச் சொல்கிறேன்.

முதலாவது 'கொ', 'கோ' போன்றவை. இவற்றில் எழுத்தின் முன்னும் பின்னும் குறிகள் வருகின்றன. ஒகரக்குறிக்கு 3018 என்று ஒரே எண்ணும் உண்டு. ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. என் பட்டியலின் ஒரு பகுதி பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது. அந்த மாற்றி கொம்பையும் காலையும் தனித்தனியே விட்டுவைத்திருந்தது. விளைவு என்ன தெரியுமா? 'கெ' என்று தேடினால் 'கொ' என்று தொடங்கும் பெயர்களும் வந்தன. 'கொ' என்று தேடினால் அவை வரவில்லை. இதற்கு யூனிகோடே மருந்து தருகிறது. பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் 'இயல்பாக்கம்' என்னும் செயல் பெரும்பாலான நிரல்மொழிகளில் ஆயத்தமாக உள்ளது. ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் அதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது 'ஸ்ரீ'. நம் நாட்டில் கோவில் பெயர்களையும் ஆள்பெயர்களையும் பட்டியலிட்டால் இதைத் தவிர்க்கவே முடியாது. தொடக்கத்தில் இதை ஸகரத்தைக் கொண்டு, அதாவது 3000 என்னும் எண்ணில் தொடங்கி எழுதினார்கள். 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ஶகரம் 2998 என்னும் எண்ணோடு வந்து சேர்ந்தது. அதன்பின் அதைக் கொண்டு எழுதுவதே முறை என்றானது. ஆனால் பழைய முறையும் மறையவில்லை. விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறுபடுகிறது. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவில் காட்டுகின்றன. இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. நாமே ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் பாட்டியின் 'கௌ'. ஔகாரக்குறியின் வலப்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதால், பலர் 'கெ' தட்டி அடுத்து 'ள' தட்டிவிடுகிறார்கள். பாட்டியின் பெயரைத் தட்டியவரும் அப்படித்தான் செய்திருந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். என் கைப்பேசியிலிருந்த பழைய குறுஞ்செய்திகளில் நானே அப்படி எழுதியிருப்பதைப் பார்த்தேன். யூனிகோட்டின் கணக்கில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். எனவே இயல்பாக்கம் இங்கும் உதவாது.

சரி, 'கெள' என்று எங்கே கண்டாலும் 'கௌ' ஆக்கிவிடலாமா? நானும் அப்படித்தான் முதலில் செய்தேன். பிறகு சோதித்துப் பார்த்தால் கெளுத்தி மீன் செத்துக்கிடந்தது! அதில் வருவது உண்மையான ளகரம். 'வெள்ளை'யிலும் 'தெளிவு' என்பதிலும் அப்படியே. ஆகவே விதியைத் திருத்தினேன். கொம்பு பெற்ற எழுத்தை அடுத்து வரும் ளகரம், புள்ளியோ வேறு துணைக்குறியோ இல்லாமல் வெறுமனே நின்றால் மட்டும் அதை ஔகாரமாக்க வேண்டும். 'கெளுத்தி'யில் ளகரத்தின்மேல் உகரம் ஏறியிருப்பதால் அது தப்பிக்கும்; 'கெளரி' என்பது 'கௌரி'யாகும். இவ்விதி எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும் என்று சாதிக்கமாட்டேன். பெயர்ப்பட்டியலுக்குப் போதுமானது.

இவை தவிர, இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத குறிகள், முக்கியமாக 8204 என்னும் எண், ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. வெற்றிடங்களோடு சேர்த்து அவற்றையும் துடைத்துவிட வேண்டும். தமிழகத்தில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தால் ஏதும் சிக்கல் உண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. 'லை' பழைய துதிக்கை வடிவில் தெரிந்தாலும் புதிய வடிவில் தெரிந்தாலும் எண்கள் அவையே. அது எழுத்துருவின் வேலை.

தட்டும் விரலுக்கு ஏற்ற தேடல்

இவ்வளவும் செய்தபின் இன்னொன்று கண்ணில் பட்டது. 'குமார்' என்னும் பெயரைத் தேட, ரோமன் முறையில் தட்டுபவர் முதல் விசையைத் தட்டியதும் திரையில் 'க்' என்று புள்ளியோடு வரும். அடுத்த விசையில்தான் 'கு' ஆகும். என் நிரல் 'க்' என்று தொடங்கும் பெயர்களைத் தேடும். ஒன்றும் இருக்காது, பட்டியல் மறையும். அடுத்த விசையில் மீண்டும் தோன்றும். ஒவ்வோர் எழுத்துக்கும் இப்படிக் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் தட்டுபவருக்கோ முதலில் 'க' வரும், பிறகு உகரம் சேர்ந்து 'கு' ஆகும். மேலே சொன்ன எழுத்தெல்லைத் தடுப்பைப் போட்டிருந்தால், 'க' நிலையில் 'குமார்' மறைந்துபோவார். இருவரையும் ஒரே நிரல் எப்படித் திருப்திப்படுத்துவது?

விடை பள்ளி இலக்கணத்திலேயே இருந்தது. உயிர்மெய்யைப் பிரித்துவிடுவதுதான் அது. 'குமார்' என்பதை க், உ, ம், ஆ, ர் என்று ஐந்தாகப் பிரிக்கலாம். 'கண்ணன்' என்பது க், அ, ண், ண், அ, ன். நிரலில் இது கடினமன்று. மெய்க்குரிய எண்ணை அடுத்துப் புள்ளி வந்தால் மெய் மட்டும். துணைக்குறி வந்தால் மெய்யும் அந்த உயிரும். எதுவும் வராவிட்டால் மெய்யும் அகரமும். தேடும் சரத்தையும் இவ்வாறே பிரித்துக்கொண்டால் 'க்' என்பது 'குமார்' என்பதன் உண்மையான தொடக்கமாகிவிடுகிறது. தாயும் பிள்ளையும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிட்டனர். தமிழ்99 காரர்களுக்காக ஒரு சலுகை சேர்த்தேன். தட்டிய சரம் அகரத்தில் முடிந்தால் அந்தக் கடைசி அகரத்தை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடுவது. 'கண' என்று தட்டினால் கண்ணன், கணேசன், கணபதி மூவரும் வருவார்கள்.

அப்படியானால் 'கண'வுக்குக் கண்ணன் வரக்கூடாது என்று முன்னே சொன்னது என்னவாயிற்று? நியாயமான கேள்வி. பெயர்களைக் 'க' வரிசை, 'கா' வரிசை என்று பிரித்து மலரில் அச்சிடுவதானால் கண்டிப்பான எழுத்தெல்லை வேண்டும். வரிசையில் காத்திருக்கும் ஒருவரின் பெயரைத் தேடுவதானால் தாராளம் வேண்டும். வேண்டாத இரண்டு பெயர்கள் திரையில் கூடுதலாக வந்தால் கண் தள்ளிவிடும். வேண்டிய ஒரு பெயர் வராவிட்டால் ஓர் ஆள் வெறுங்கையோடு திரும்பிப்போவார். இந்த இரண்டு தவறுகளும் சமமல்ல என்பதே என் கருத்து.

ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் இருந்திருந்தால் இத்தனை பாடு ஏன் என்று சிலர் கேட்கலாம். அத்தகைய குறியேற்றம் உண்டு. 'டேஸ் 16' என்னும் அதனைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. அதில் 'கு' ஒரே எண். எழுத்தை நடுவில் வெட்டும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அது யூனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால், அதற்கென ஆயத்தம் செய்யாத கைப்பேசிகளும் தேடுபொறிகளும் அதை அறியா. தோட்டத்துப் பட்டியல் கைப்பேசி விட்டுக் கைப்பேசி போவது. யூனிகோட்டிலேயே இருந்துகொண்டு நிரலைத் திருத்துவதே எனக்கு நடைமுறையாகத் தெரிந்தது. பைத்தானில் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே செய்யத் தேவையில்லை. 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பில் ஒரு சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது.

செய்யும் முறையை வரிசைப்படி சொன்னால் இதுதான். காணா எண்களையும் வெற்றிடத்தையும் துடைக்கவும். இயல்பாக்கவும். 'ஸ்ரீ', 'கௌ' இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரவும். ரோமன் எழுத்து கலந்திருந்தால் அதைச் சிறிதாக்கவும். பிறகு உயிரும் மெய்யுமாகப் பிரித்து, தொடக்கத்தை ஒப்பிடவும். தேடும் சரத்துக்கும் பட்டியலுக்கும் இரண்டு பக்கமும் இதையே செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் முன்பைவிட மோசமாகும். இதையும் பட்டுத்தான் கற்றேன்.

உங்கள் கைப்பேசியில் தொடர்புப் பட்டியலைத் திறந்து நண்பர்களின் பெயர்களைத் தமிழில் தேடிப் பாருங்கள். 'க்' மட்டும் தட்டினால் குமார் வருகிறாரா? 'கே' தட்டினால் கோபால் எட்டிப்பார்க்கிறாரா? ஸ்ரீதரன் எல்லா விசைப்பலகையிலும் கிடைக்கிறாரா? நானும் இத்தகைய சோதனைப் பெயர்களை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் அத்தனையையும் ஓட்டிப்பார்த்த பிறகே பட்டியலைக் கொடுக்கிறேன். அக்கோப்பின் முதல் வரியில் பாட்டியின் பெயர், அன்று தட்டெழுதப்பட்டிருந்தபடியே இருக்கிறது. இவ்வாண்டுப் பட்டியலில் இருபது பேரின் பெயர் ரோமன் எழுத்தில் மட்டும் வந்திருக்கிறது. அவர்களின் வீடுகளுக்குப் போய்த் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டுவர வேண்டும்.